அரை மணி நேரத்தில் ஒரு முடிவு



குறுவைக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அறுவடை மெஷின்காரர் வரப்பில் நின்றுகொண்டு, "இப்ப இறக்கட்டுங்களா, இல்லே அடுத்த ஊருக்குப் போகட்டுங்களா, சீக்கிரம் சொல்லுங்க" என்கிறார். கதிரின் அடியில் இன்னும் கொஞ்சம் பச்சை தெரிகிறது. இன்றைக்கே அறுத்தால், ஈரம் 17 சதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தள்ளி வைப்பார்கள். விட்டு வைத்தாலோ, மழையில் படுத்து வயலிலேயே முளைத்துவிடும். இந்த நிலை உங்களில் யாருக்காவது புதிதா? இருக்காது.

இப்படிப்பட்ட நேரத்தில் எப்படிங்க முடிவு செய்கிறது என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. பூச்சி மருந்துக்கு அளவு சொல்வது போல இதற்கு ஓர் அளவு சொல்லிவிட முடியாது. அதனால் இன்றைக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறேன். 1944-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்தது. யுத்த காலத்துச் சம்பவம்தான். ஆனால் அதில் துப்பாக்கியைவிட மழையும் காற்றுமே அதிகம் வருகிறபடியால் உங்களுக்கு அந்நியமாகப் படாது. நான் படித்தது விவசாய விஞ்ஞானம், சரித்திரம் அல்ல. என்றாலும் வானிலையை நம்பித் தொழில் செய்கிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் இது.

இரண்டாம் உலக யுத்தம் அப்போது ஐந்தாவது வருஷத்தில் இருந்தது. பிரான்ஸ் தேசம் முழுவதும் ஜெர்மானியர் கையில். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே ஒரு கடல் உண்டு, இங்கிலீஷ் கால்வாய் என்று பெயர். அதைத் தாண்டிப் போய் நார்மண்டி என்ற கடற்கரையில் இறங்குவதென்று பிரிட்டனும் அமெரிக்காவும் அவர்களுடைய தோழமை நாடுகளும் திட்டம் போட்டிருந்தன. முதல் நாளிலேயே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இறங்க வேண்டும். சிறிதும் பெரிதுமாக 7,000 கப்பல்கள், படகுகள். இத்தனைக்கும் தலைவர் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர். பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதி ஆனாரே, அவர்தான். கன்சாஸ் என்ற கோதுமைச் சீமையில் சாதாரணக் குடும்பத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் வீட்டுக் கொல்லையில் விளைந்த காய்கறிகளை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவர். பட்டாளப் பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன் வெண்ணெய் எடுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். மழை, காற்று இன்னதென்று அறிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எப்போது இறங்குவது என்பதுதான் சிக்கல். நினைத்த நாளில் போக முடியாது. கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி, இரண்டு தரம் வற்றும். அந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ரொம்ப அதிகம். ஜெர்மன் தளபதி ரோமல், ஏற்றத்தின் போது நீருக்குள் மறைந்திருக்கும்படி மணலில் கட்டைகளையும் இரும்புச் சட்டங்களையும் நட்டு, பலவற்றின் தலையில் கண்ணிவெடியும் கட்டி வைத்திருந்தார். அவை கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் விடிகிற நேரத்தில் கடல் வற்றியிருக்க வேண்டும். முந்தின இரவில் ஆகாய விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிறவர்களுக்கோ நிலா வெளிச்சம் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுகூடுவது மாதத்தில் சில நாட்கள்தான். பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி கணக்குப் பார்த்தார்கள். ஜூன் 5, 6, 7 என்று மூன்று நாள் கிடைத்தது. 6-ஆம் தேதி பௌர்ணமி. இதைத் தவறவிட்டால், கடல் வற்றம் மறுபடி ஒத்து வருவது இரண்டு வாரம் கழித்து. அப்போது நிலாவும் இருக்காது.

கணக்கு இதோடு முடியவில்லை. காற்று இன்ன வேகத்துக்கு மேல் வீசினால் படகு கரை சேராது. மேகம் இன்ன உயரத்துக்குக் கீழே இறங்கினால் விமானம் குண்டு போட முடியாது. இவற்றையெல்லாம் கப்பல்காரர், விமானக்காரர், காலாட்படைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் பல வாரங்களுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் கேட்ட அத்தனையும் ஒரே நாளில் அமைவது அந்தக் கடலில் அபூர்வம். ஆகவே, "எது இருந்தால் நல்லது" என்று ஒரு பக்கம், "எது இல்லாவிட்டால் போகவே முடியாது" என்று ஒரு பக்கம், தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பி வருவோம்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். வானிலை சொல்லும் பொறுப்பு ஸ்டாக் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் இருந்தது. உயரமான, கலகலப்பில்லாத மனுஷர். முந்தின வாரங்களில் ஐசன்ஹோவர் இவரை அழைத்து, இந்த வாரத்தில் இன்ன நாளில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம், அன்றைக்கு வானிலை எப்படி இருக்கும் சொல்லுங்கள் என்பார். அந்த நாள் வந்ததும் சொன்னதையும் நடந்ததையும் ஒத்துப் பார்ப்பார். நிஜமாகப் புறப்படுவதற்காக அல்ல, இந்த ஆள் எப்போது திடமாகச் சொல்கிறார், எப்போது தயங்கிச் சொல்கிறார், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பழகிக்கொள்வதற்காகத்தான். நாம் என்ன செய்கிறோம்? வருஷம் பூராவும் வானிலை அறிக்கையைக் காதில் வாங்குவதில்லை. புயல் வருகிற அன்றைக்கு மட்டும் ரேடியோவைத் திருகி, "இவங்க சொல்றது என்னைக்கு நடந்துச்சு" என்று அணைத்துவிடுகிறோம்.

ஸ்டாக் பாடும் லேசானதல்ல. அவருக்குக் கீழே மூன்று வானிலைக் குழுக்கள். அமெரிக்கக் குழு பழைய வருஷத்து வானிலைப் படங்களைப் புரட்டி, இதே மாதிரி முன்னே எப்போது இருந்தது, அப்போது என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்லும். அநேகமாக நல்ல சேதிதான் சொல்லும். டன்ஸ்டபிள் என்ற ஊரிலிருந்த பிரிட்டிஷ் குழுவில் நார்வே தேசத்துப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர்கள் மேல்வானக் காற்றைக் கணக்கிட்டு, பெரும்பாலும் எச்சரிக்கையாகவே சொல்வார்கள். மூன்றாவது, கப்பற்படைக் குழு. தினமும் டெலிபோனில் மூவரும் வாதாடுவார்கள். யுத்தம் முடிந்த பிறகும், அன்றைக்குச் சரியாகச் சொன்னது நான்தான் என்ற வாதம் ஓயவில்லை! ஸ்டாக் இந்தச் சண்டையை ஐசன்ஹோவர் முன்னால் கொண்டுபோய்க் கொட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டு, எடைபோட்டு, ஒரே வார்த்தையாகச் சொன்னார்.

ஜூன் 3-ஆம் தேதி வந்தது. மேற்கே அயர்லாந்தின் கோடியில் பிளாக்சாட் என்றொரு கடலோரக் குக்கிராமம். அங்கே தபாலாபீசில் வேலை பார்த்த மோரீன் பிளாவின் என்ற பெண், வேலையோடு வேலையாக வானிலையும் குறித்து அனுப்புவாள். அன்றைக்கு அவளுக்கு 21 வயது நிறைந்தது. இரவு முறையில் பாரமானியைப் பார்த்தபோது அது மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அதாவது, புயல் வருகிறது. எண்ணைக் குறித்து அனுப்பினாள். சற்றுப் பொறுத்து இங்கிலாந்திலிருந்து டெலிபோன்: நீ அனுப்பிய எண் சரிதானா, இன்னொரு தரம் பார்த்துச் சொல். கலங்கரை விளக்கம் பார்த்துக்கொண்டிருந்த இளைஞரையும் கூட்டிக்கொண்டு பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் டெலிபோன் வந்தது, மறுபடியும் பார்த்துச் சொன்னாள். எதற்காக இப்படிக் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. 1956-இல்தான் விஷயம் தெரியவந்தது. அந்த அம்மாள் 100 வயது வரை வாழ்ந்து 2023-இல் காலமானார். நம் ஊர்களிலும் மழைமானியில் தண்ணீர் அளந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அளக்காமலே "நேத்து மாதிரிதான்" என்று எழுதிப் போடுகிற நோட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4 மணி 15 நிமிஷம். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகே சௌத்விக் மாளிகையில் தளபதிகள் கூடினார்கள். மறுநாள் 5-ஆம் தேதி இறங்குவதாக ஏற்பாடு. கப்பல்கள் பல கடலில் கிளம்பியே விட்டன. ஸ்டாக் சொன்னார்: 5-ஆம் தேதி காற்று பலமாக இருக்கும், மேகம் தாழ்ந்திருக்கும். தரைப்படைத் தளபதி மாண்ட்கோமரி, இருந்தாலும் போகலாம் என்றார். விமானப் படைத் தலைவர்கள் முடியாது என்றார்கள். ஐசன்ஹோவர் யோசித்தார். எதிரியைவிடத் தரைப்படை பெரிதில்லை, விமானப் பலத்தை நம்பித்தான் போகிறோம், மேகம் தாழ்ந்தால் அது கிடைக்காது. ஆகவே ஒரு நாள் தள்ளி வைத்தார். போன கப்பல்களைத் திருப்பி அழைத்தார்கள். ஒரு கப்பல் கூட்டத்துக்குச் செய்தி எட்டாமல், அது பாட்டுக்குப் போய்க்கொண்டேயிருக்க, ஆள் விட்டுத் தேடித் திருப்ப வேண்டியதாயிற்று. சிப்பாய்கள் நனைந்து, வாந்தியெடுத்து, படகுகளிலேயே அடைந்து கிடந்தார்கள்.

அதே நாள் இரவு 9.30 மணிக்கு மறுபடியும் கூட்டம். வெளியே மழை கொட்டுகிறது, காற்று ஜன்னலை அடிக்கிறது. ஸ்டாக் உள்ளே வந்து, ஒரு மாறுதல் தெரிகிறது என்றார். ஒரு காற்று முகம் வேகமாகக் கடந்து போகிறது. அதன் பின்னால், 5-ஆம் தேதி பிற்பகலிலிருந்து 6-ஆம் தேதி வரை ஓர் இடைவெளி. வானம் நிர்மலமாக இருக்காது, காற்றும் நின்றுவிடாது, ஆனால் இரண்டும் குறையும். அதற்கப்புறம் மறுபடி கெடலாம்.

சொல்கிற நேரத்தில் வெளியே பேய்மழை என்பதை மறந்துவிடாதீர்கள். நாம் என்றால் ஜன்னலைப் பார்ப்போமா, ஸ்டாக்கைப் பார்ப்போமா?

அப்போது கப்பற்படைத் தலைவர் ராம்சே ஒரு விஷயம் சொன்னார். என்னைக் கேட்டால் அன்றைய பேச்சிலே முக்கியமானது அதுதான். 6-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இறங்குவதானால் இன்னும் அரை மணி நேரத்துக்குள் எனக்கு உத்தரவு வேண்டும், தூரத்தில் நிற்கும் அமெரிக்கக் கப்பல்கள் அப்போதுதான் புறப்பட முடியும் என்றார். அதோடு, புறப்பட்ட பிறகு மறுபடி திரும்பச் சொன்னால் எரிபொருள் நிரப்பிக்கொண்டு புதன்கிழமைக்குத் தயாராக முடியாது, இன்னும் 48 மணி நேரம் போய்விடும் என்றும் சொன்னார். அதாவது, 7-ஆம் தேதி என்று ஒரு நாள் கையிருப்பில் இருப்பதாகக் காகிதத்தில் தெரிந்தாலும், உண்மையில் அது இல்லை. அடுத்தது இரண்டு வாரம் கழித்துத்தான். இடம் எது, நாள் எது என்று ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அவர்களைக் கரைக்கு இறக்கிவிட்டால் ரகசியம் எத்தனை நாள் தங்கும்?

ஐசன்ஹோவர் ஒவ்வொருவரையும் கேட்டார். விமானத் தளபதி லீ மல்லோரிக்கு இன்னும் சந்தேகம். மாண்ட்கோமரி போகலாம் என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. 9 மணி 45 நிமிஷம் அளவில் ஐசன்ஹோவர், எனக்கு இது பிடித்தமாக இல்லை, ஆனால் உத்தரவு கொடுத்தே ஆகவேண்டும் என்ற பொருளில் பேசி, புறப்படச் சொன்னார். மறுநாள் விடியற்காலை 4.15-க்கு இன்னொரு தரம் கூடி, ஸ்டாக் சொல் மாறவில்லை என்று பார்த்து, உறுதி செய்தார். அதற்குப் பிறகு நிறுத்த முடியாது.

கால்மணி நேரம்! இவ்வளவு பெரிய காரியத்துக்குக் கால்மணி நேரம்தானா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்தக் கால்மணியில் அவர் எதை யோசிக்க வேண்டியிருந்தது பாருங்கள். எந்தக் கரை, எத்தனை பேர், எவ்வளவு காற்று தாங்கும், யார் பேச்சை நம்புவது என்பதெல்லாம் முன்னாலேயே தீர்ந்த விஷயங்கள். மிச்சமிருந்தது ஒரே கேள்வி: இல்லாமல் முடியாது என்று ஒதுக்கி வைத்தோமே, அது கிடைக்கிறதா? காலையில் கிடைக்காது என்று தெரிந்தது, வேண்டாம் என்றார். இரவில் கிடைக்கும்போலத் தெரிந்தது, போகலாம் என்றார். காலையில் வேண்டாம் என்றவர் இரவில் ஆகட்டும் என்பதைப் பார்த்து மனசு மாறுகிறவர் என்று நினைக்கக் கூடாது. இரண்டு தரமும் அளந்த படி ஒன்றுதான்.

மெஷின்காரர் வரப்பில் நிற்கிறாரே, அவரிடம் வருவோம். மணியில் 80 சதம் பழுத்தால் அறுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதைக் கதிரைப் பிடித்து எண்ணிப் பார்க்க வேண்டியது மெஷின் வந்து நிற்கும்போதா, நாலு நாள் முந்தியா? ஈரத்தோடு அறுத்தால் எங்கே கொட்டி உலர்த்துவது, களம் காலியா, தார்ப்பாய் யார் வீட்டில் இருக்கிறது, வயலில் தண்ணீர் வடிந்து மெஷின் இறங்கத் தரை கெட்டியாயிருக்கிறதா? இவையெல்லாம் புரட்டாசியில் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு. ஐப்பசி மழைக்கு முன்னால் வரப்பில் நின்று பேசினால் அண்ணன் ஒன்று சொல்வார், மச்சான் ஒன்று சொல்வார், மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும். மெஷின்காரரையும் ராம்சே மாதிரி கேட்டுவிடுங்கள்: "அண்ணே, கடைசியா எத்தனை மணிக்குள்ள சொல்லணும்? இன்னைக்கு விட்டா மறுபடி என்னைக்கு வருவீங்க?" "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நாம் சொல்கிற நாளை நிஜமாகவே இருக்கிறதா என்பது அவர் பதிலில் தெரிந்துவிடும்.

எதிர்ப் பக்கத்துச் சேதியையும் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஜெர்மானியரிடமும் கெட்டிக்கார வானிலைக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் மேற்குக் கடலிலிருந்து சேதி அனுப்ப அவர்களுக்குக் கப்பலும் இல்லை, பிளாக்சாட் மாதிரி ஓர் ஊரும் இல்லை. இந்தக் காற்றில் எவனும் வரமாட்டான் என்று நினைத்தார்கள். ரோமல் தம் மனைவியின் பிறந்த நாளுக்காக ஜெர்மனிக்கே போய்விட்டார். அந்த அம்மாளுக்குப் பிறந்த நாள் ஜூன் 6! படை இறங்கியது தெரிந்ததும், பின்னால் நிறுத்தியிருந்த டாங்கிப் படையை அனுப்ப வேண்டுமென்று விடியுமுன்பே கேட்டார்கள். ஆனால் ஹிட்லர் அனுமதி இல்லாமல் அதை அசைக்கக் கூடாதென்று உத்தரவு. ஹிட்லர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப யாருக்கும் துணிவில்லை. அனுமதி கிடைத்தபோது சாயங்காலம் 4 மணி ஆகிவிட்டது. பட்டணத்திலிருக்கும் பெரியவரிடம் போனில் கேட்டுத்தான் மடையைத் திறக்க வேண்டும் என்று சில குடும்பங்களில் வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி.

முடிவு சரியாக இருந்ததால் எல்லாம் சுகமாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 6-ஆம் தேதி கடல் இன்னும் கொந்தளிப்பாகவே இருந்தது. ஒமாஹா என்று பெயர் வைத்த கரைக்கு நீரில் மிதந்து போகும்படி விட்ட 29 டாங்கிகளில் 27 மூழ்கின. மேகத்தினால் விமானங்கள் குறி தவறி, குண்டுகளைக் கரையில் போடாமல் உள்ளே தள்ளிப் போட்டன. பாராசூட்டில் குதித்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். நேச நாட்டுத் தரப்பில் மட்டும் அன்று ஒரு நாளில் மாண்டவர்கள் 4,400 பேருக்கு மேல். ஐசன்ஹோவர் இதை எதிர்பாராமல் இல்லை. 5-ஆம் தேதியே ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதித் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். இறங்கியது தோற்றுவிட்டது, படைகளைத் திருப்பிக்கொண்டேன், குற்றம் இருந்தால் அது என் ஒருவனுடையது என்பது அதன் சாரம். அன்றிருந்த மனநிலையில் ஜூன் 5 என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதி போட்டுவிட்டார். காகிதம் தேவைப்படவில்லை. ஆனால் சிப்பாய்களையோ, ஸ்டாக்கையோ குற்றம் சொல்லுகிற காகிதமாக அதை அவர் எழுதி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் விளைச்சல் கெட்டால் முதல் பேச்சு எப்படித் தொடங்கும் என்பது நமக்குத் தெரியும்: "அப்பவே நான் சொன்னேன்."

அந்த இரண்டு வாரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. அடுத்தபடி கடல் வற்றம் ஒத்துவந்தது ஜூன் 19-ஐ ஒட்டி. அந்த 19-ஆம் தேதி கால்வாயில் பெரும் புயல் கிளம்பி 22-ஆம் தேதி வரை அடித்தது. துறைமுகம் இல்லாத கரையில் சாமான் இறக்குவதற்காக, இங்கிலாந்திலிருந்து துண்டு துண்டாக இழுத்துக்கொண்டு வந்து இரண்டு செயற்கைத் துறைமுகங்கள் கட்டியிருந்தார்கள். ஒமாஹாவில் இருந்தது நொறுங்கிப் போய் மறுபடி உபயோகப்படவே இல்லை. புயலுக்குப் பிறகு ஸ்டாக் ஒரு சிறு குறிப்பு எழுதி, தள்ளிப் போட்டிருந்தால் இந்த வானிலையில்தான் அகப்பட்டிருப்போம் என்று ஐசன்ஹோவருக்கு அனுப்பினார். அன்றைக்கே புறப்பட்டதற்கு யுத்த தேவதைகளுக்கு நன்றி என்று ஐசன்ஹோவர் அந்தக் குறிப்பிலேயே தம் கையால் எழுதித் திருப்பி அனுப்பினார்.